அலைமகளின் அடித்தகடு

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு வாய் ஓயாது. கடலில் திரிய வேண்டிய போட்டுகளெல்லாம் கரையேறிக் கட்டைகளின் மேல் குந்திக்கொள்ளும். ஒரு பக்கம் கிரைண்டர் கத்தும், ஒரு பக்கம் சுத்தியல் அடிக்கும், எவனாவது ஒருத்தன் செல்போனில் பாட்டை அலறவிடுவான். மீன் வாடை போய்த் தின்னர் வாடை வந்துவிடும். இத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் நிழல் கண்ட இடத்தில் நீட்டிப் படுத்துத் தூங்குகிற நாய்களைப் பார்த்தால் யாருக்கும் பொறாமையாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட இடம், அலைமகள் தண்ணீரை விட்டு மேலே வந்த அன்றைக்குக் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போனது.

இரண்டு கிரேன்கள் பெல்ட் போட்டுத் தூக்கின. சித்திரை முடிந்தும் முடியாத வெயில். சிலம்பரசன் கீழே நின்று, கையைக் காட்டிக் காட்டித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "மெள்ள... மெள்ள... முன்னால ஏத்துப்பா! அணியம் இடிக்குது பாரு!" அலைமகள் இரும்பு போட்டு. அப்பா காலத்து மரப்போட்டை விற்றுவிட்டு அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கட்டியது. கார்த்திகையிலிருந்து கடலுக்குப் போகாமல் ஆற்றுமுகத்தில் கட்டியே கிடந்தது. ஓடாத போட்டில் ஒட்டுச்சிப்பி குடியேறும் என்பது தெரிந்த சங்கதிதான். அடிப்பாகம் முழுக்கச் சிப்பியும் பாசியும் அப்பிக்கிடந்தன. இடுக்குகளில் இருந்த பொடி நண்டுகள் வெயில் பட்டதும் தலைதெறிக்க ஓடின.

ஆனால் பின்பக்கம், என்ஜின் அறைக்குக் கீழே, இடதுபுறத்தில் எல்லார் கண்ணும் போய் நின்றது. ஓர் ஆள் மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பானோ அவ்வளவு இடத்தில் ஒரு சிப்பிகூட இல்லை. போன வருஷம் அடித்த சிவப்புப் பெயிண்ட் நேற்று அடித்தது போலப் பளபளத்தது. ஓரமெல்லாம் சிப்பி நெருக்கிக்கொண்டு வந்து, யாரோ தடுத்தது மாதிரி அங்கேயே நின்றிருந்தது.

"இன்னாண்ணா, அங்க மட்டும் போர்வ போத்தி வச்சிருந்தியா?" என்றான் கிரேன்காரன். அவன் வெளியூர். இரண்டு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று அங்கே நின்றவர்களுக்கெல்லாம் தெரியும்.

போட்டு கட்டையில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கம் தரைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒடுங்கின சந்துதான் இருக்கும். மல்லாந்து படுத்து, முகத்தில் பெயிண்ட் சொட்டச் சொட்ட அடிக்க வேண்டும். கூலிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தம்பி செம்மல்தான் வருஷா வருஷம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுப்பான். கை எட்டுகிற மட்டும் அடித்துவிட்டு, மூக்கு நுனி சிவந்து வெளியே வருவான்.

அவன்தான் அலைமகளின் டிரைவர். கார்த்திகையில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கயிறு சிக்கியதென்று எடுக்கப் போனான். வலை மேலே வந்தது, மீன் கொட்டியது, ஆளைக் காணோம். விழுந்த சத்தத்தைக்கூட யாரும் கேட்கவில்லை. ஊர் போட்டுகளெல்லாம் போய்த் தேடின, கடலோரக் காவல் கப்பலும் தேடியது. செருப்பு மட்டும் போட்டில் கிடந்தது.

பக்கத்துப் போட்டுக்காரர் ரஃபாயேல் மெதுவாக வந்து சிலம்பரசனின் தோளைத் தொட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பம். அவரை எல்லாரும் 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பயப்படாதடா. அது நான் குடுத்த பெயிண்ட்டு. எங்க அண்ணன் துலோன்ல இருந்து அனுப்புனது அர டப்பா மிச்சம் இருந்துச்சு. உன் தம்பி வந்து கேட்டு வாங்கிட்டுப் போனான். வெளிநாட்டுச் சரக்கு. சிப்பி ஒட்டாது."

"அப்படியா முசே?"

"பின்ன?" என்றார் ரஃபாயேல். சொல்லிவிட்டு அவரே அந்த இடத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

வம்பாக்கீரப்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போட்டைக் கரையேற்றிச் சுரண்டி, துருவெடுத்து, பிரைமர் அடித்து முடித்த பிறகு பாட்டம் பெயிண்ட்டின் முதல் கோட்டை டிரைவரின் பெண்டாட்டிதான் போட வேண்டும். அணியத்தில் தொடங்கி, போட்டின் முதுகெலும்பான ஏராவை ஒட்டியே பின்பக்கம் வரைக்கும் ஒரே கோடு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பிரஷ்ஷைத் தொடலாம். அப்பா இருந்தவரை அம்மா ஆயம்மா போட்டாள். அப்பா போனதும் அவள் ஒதுங்கிக்கொண்டாள், தாலி இல்லாத கை அதில் படக்கூடாது. செம்மல் கல்யாணம் பண்ணிய பிறகு அவன் மனைவி அஞ்சலாட்சி போட்டாள். மூன்று வருஷமாக அவள் கைதான்.

இந்த வருஷம் யார் போடுவது? இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிலம்பரசன் இனி டிரைவர் என்றால் அவன் மனைவி சரிதா கோடு போட வேண்டும். சரிதா போட்டால் செம்மல் இனி வரமாட்டான் என்று வீடே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அப்படி ஆன அன்றைக்கே அஞ்சலாட்சியின் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும், உடம்புக்குப் பதில் வைக்கோலில் ஆள் செய்து வைத்துக் காரியம் பண்ண வேண்டும்.

அஞ்சலாட்சியோ நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, விடிகாலையில் பெரிய மார்க்கெட்டுக்குக் கருவாட்டுக் கூடையோடு போய்வந்தாள். காக்கிநாடா பக்கம் ஒரு போட்டு நடுக்கடலில் ஓர் ஆளைத் தூக்கியது என்று யாரோ சொன்ன சொல்லை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பர்மாவில் ஒதுங்கி ஒன்றரை வருஷம் கழித்து வீடு வந்தவன் கதை ஒன்றும் அவளுக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லுவாள்.

சுரண்டல் வேலை ஆரம்பித்தது. வெல்டர் கோபிநாத் உழவர்கரைக்காரன். கடலைக் கண்டாலே தலைசுற்றுகிறது என்று சொல்வான், ஆனால் வருமானம் முழுக்கக் கடலோரத்தில்தான். சிப்பியைப் பாரையால் நெம்பினால் சடசடவென்று தோள்மேல் கொட்டும். காதுக்குள் பாசி போகும். முன்கையெல்லாம் கீறல், அதில் வேர்வை இறங்கி எரியும். சிப்பி போன இடத்தில் சிப்பிங் சுத்தியால் தட்டித் துருவைப் பெயர்த்து, கம்பி பிரஷ் போட வேண்டும். மத்தியானத்துக்குள் அவனும் சிலம்பரசனும் செங்கல் சூளையில் புரண்டவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

சரிதா சோறு கொண்டுவந்தாள். பச்சை மீன் கண்ணில் படாத மாதம், வாளைக் கருவாட்டுக் குழம்பும் மாங்காய்ப் பச்சடியும். கோபிநாத் கையைக் கழுவிக்கொண்டே போட்டின் பின்பக்கத்தைக் காட்டினான்.

"ண்ணா, ஜிங்க் கட்டிங்கள பாத்தியா? ஒண்ணுகூடக் கரையல. வச்சது வச்ச மாதிரியே இருக்குது."

"நல்லதுதான?" என்றாள் சரிதா. "புதுசு வாங்க வேணாம்."

"எங்கத்த நல்லது அண்ணி! ஜிங்க் கரையறதுக்குத்தான் வைக்கிறோம். உப்புத் தண்ணி அதத் தின்னுட்டு இரும்ப உட்டுரும். ஜிங்க்கு முழுசா இருந்தா இரும்பத் தின்னுருக்குதுன்னு அர்த்தம்."

சிலம்பரசன் எழுந்து போய்ப் பார்த்தான். எல்லாக் கட்டிமேலும் தண்ணீர் தொட வழியில்லாமல் சிவப்புப் பெயிண்ட் சுத்தமாக ஏறியிருந்தது. காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டியதை அப்படியே சேர்த்து அடித்திருக்கிறான்.

"செம்மல் வேலதான்," என்றான். "எல்லாம் ஒரே கலரா இருந்தாத்தான் அழகும்பான். அழகாம் அழகு! சாணி மண்டயன்." சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். சரிதா அவன் பக்கம் கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தள்ளிவைத்தாள்.

ஜிங்க் முழுசாக இருந்ததால் தகடு முழுவதையும் தட்டிப் பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. வெளியே ஒருத்தன் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவான். கனமான தகடு கணீரென்னும், மெலிந்தது தொப்பென்னும். தொப்பென்ற இடத்தில் இரண்டு தட்டு சேர்த்துப் போடுவான். உள்ளே அடியறையில் குந்தியிருக்கிறவன் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று திருப்பித் தட்டுவான். மற்றவர்கள் ஒரு தட்டோடு விட்டுவிடுவார்கள். செம்மல் உள்ளே இருந்தால் மூன்று. சின்ன வயதில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற கணக்கு அது.

மறுநாள் உச்சி வெயிலில் கோபிநாத் சாக்பீஸோடு மேன்ஹோல் வழியாக அடியறைக்குள் இறங்கினான். சிலம்பரசன் கீழே படுத்துத் தட்ட ஆரம்பித்தான். பக்கத்துப் போட்டில் சாப்பாட்டு நேரம், கிரைண்டர்கள் அடங்கியிருந்தன. முன்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சிப்பியில்லாத இடத்தின் அருகே வந்ததும் தகடு தொப்பென்றது. இரண்டு தட்டினான். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து டக், டக், டக் என்று வந்தது. நகர்ந்து இன்னோர் இடம். தொப். இரண்டு. மறுபடி டக், டக், டக்.

வேலை சுறுசுறுப்பாக ஓடியது. பழைய நாளைப் போலவே இருந்தது. சிலம்பரசனுக்கு வேர்வை கண்ணில் இறங்கியும் ஒரு சந்தோஷம். 'பய பரவால்ல, சொல்லாமயே பழகிட்டான்' என்று நினைத்துக்கொண்டான்.

"ண்ணா, டீ."

தலையைத் திருப்பினான். இரண்டு கண்ணாடிக் கிளாசுகளைப் பிடித்துக்கொண்டு கோபிநாத் வெளியே குனிந்து நின்றான்.

"நீ எப்படா வெளிய வந்த?"

"அப்பவே வந்துட்டேனே. உள்ள நெருப்புக் குழி மாதிரி கொதிக்குது. கொஞ்சம் சூடு அடங்கட்டும்னு டீக்கடைக்குப் போனேன். நீ தனியாத் தட்டிக்கினு இருந்த."

சிலம்பரசன் சுத்தியலைப் பார்த்தான். பிறகு தகட்டைப் பார்த்தான். கை தன்னால் மேலே போய் இரண்டு தட்டுத் தட்டியது. வெளியே ஒரு காக்கை கத்தியது. அப்புறம், அவசரமே இல்லாமல், டக், டக், டக்.

கோபிநாத் கிளாசுகளைத் தரையில் வைத்தான். "வெயில்ண்ணா," என்றான். "வெயில்ல தகடு விரியும். விரியறப்ப இப்படித்தான் தெறிக்கும். எங்க ஒர்க்ஷாப்பு கூரகூட அப்படித்தான்."

"மூணு தடவையா தெறிக்கும்?"

இரண்டு பேரும் மேலே ஏறி, மேன்ஹோலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். அடியறையில் யாரும் இல்லை. டீசல் வாடை, துரு வாடை, எப்போதோ தங்கிக் காய்ந்த உப்பு. டார்ச் வெளிச்சம் இடதுபக்கத் தகட்டில் விழுந்தபோது கோபிநாத் சிலம்பரசனின் கையைக் கெட்டியாகப் பிடித்தான். துருத் தூள்மேல் வட்டங்கள் இருந்தன. சாக்பீஸ் இல்லை. ஈர விரலால் இழுத்த மாதிரி வட்டங்கள். வெளியே எங்கெங்கே தட்டினானோ அங்கெல்லாம் ஒவ்வொன்று.

"போன வருஷத்துக் குறியா இருக்கும்ண்ணா," என்று கோபிநாத் முணுமுணுத்தான். போன வருஷத்துக் குறியை இந்த வருஷத்துத் துரு மூடியிருக்காதா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. சிலம்பரசன் ஒரு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டான். விரல் ஈரமாகியது. நக்கிப் பார்த்தான். உப்புக் கரித்தது.

அன்று ராத்திரி அவன் சரிதாவிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான். பொழுது விடிந்தபோது ஆயம்மா அவன் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தட்னானாமே?"

சிலம்பரசன் சரிதாவைப் பார்த்தான். சரிதா அடுப்பைப் பார்த்தாள்.

"வெயில்ல தகடு தெறிக்கிறதும்மா."

"எங்கிட்ட புளுகாத. மூணு தட்டு. எம்புள்ள தட்டு எனக்குத் தெரியாதா? எத்தன ராத்திரி கதவத் தொறந்து உட்டுருக்கேன்." ஆயம்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "வந்துட்டான்டா. அவன் போட்டுக்கு அவன் வந்துட்டான். வெள்ளிக்கிழம சரிதா கோடு போடட்டும். அன்னிக்கே அஞ்சலாட்சிக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சி, வைக்கோல்ல ஆளு செஞ்சி, காரியத்த முடிச்சிடு."

அப்போதுதான் அஞ்சலாட்சி மார்க்கெட் கூடையை வாசலில் இறக்கினாள். பாதி கேட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து நின்றாள்.

"யாரு வந்துட்டாங்க அத்த?"

"உம்புருஷன்."

ஒரு கணம் அவள் முகம் விரிந்ததை சிலம்பரசன் பார்த்தான். பார்த்திருக்கவே கூடாது என்று தோன்றியது. பிறகு எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். எந்த இடம், எத்தனை தட்டு, எந்த நேரம். கேட்டுவிட்டு, "அப்ப அவரு நல்லா இருக்காரு," என்றாள்.

"நல்லா இருக்கறவன் எதுக்குடி தகட்டுக்குள்ள குந்திக்கினு தட்டப் போறான்?" என்றாள் ஆயம்மா. "காக்கிநாடால உசுரோட இருந்தா காக்கிநாடால இருப்பான். இங்க இருக்கான்னா இல்லன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ண எடுத்துக்க. ரெண்டும் உனுக்குக் கெடைக்காது."

அஞ்சலாட்சி தாலிச் சரட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையாடி?" ஆயம்மாவின் உதடு கோணியது. "பத்து மாசம் சொமந்தவ நானு. கார்த்திகையிலேர்ந்து ஒரு சொட்டு அழுதிருக்கேனா? அழ வாயெடுத்தாலே அபசகுனம்னு நீ ஓடியாந்து பொத்துற. எம்புள்ளய நெனச்சி எம்வூட்டுல அழ எனக்கு வழியில்ல. என்ன அழ வுடுங்கடா. என்ன அழ வுடுங்க."

சிலம்பரசனுக்கு இரண்டு பேர் மேலும் இரக்கமாக இருந்தது. இரண்டு பேர் மேலும் கோபமும் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவன் எப்போதும் செய்வதைத்தான் அவனும் செய்தான், தீர்ப்பைத் தள்ளிப்போட்டான்.

"வெள்ளிக்கிழம ராகுகாலம் கழிஞ்சி எல்லாரும் வாங்க. நான் தட்டுறேன். அஞ்சலாட்சி காத வச்சிக் கேக்கட்டும். கேட்டா சரிதா கோடு போடட்டும். கேக்கலன்னா எப்பவும் போல அவளே போடட்டும். அவன் வர்ற வரைக்கும் அவனுக்குப் பதிலா நான் ஓட்டுறேன்."

"அவ புளுகுவா," என்றாள் ஆயம்மா. "நீ சொல்லு. கூடப் பொறந்தவன் நீ. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

இடையிலிருந்த நாட்களில் உள்ளே வட்டம் விழுந்திருந்த இடத்தையெல்லாம் கோபிநாத் அறுத்தெடுத்தான். அறுத்த தகட்டை வளைத்துப் பார்த்தபோது அப்பளம் மாதிரி ஒடிந்தது. "இத்தோட கடலுக்குப் போயிருந்தா அவ்வளவுதான்ண்ணா," என்றான். ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்க்க இருவருமே கூச்சப்பட்டார்கள். புதுத்தகடு வைத்து வெல்டிங் பிடித்து, புது ஜிங்க் கட்டிகளைக் காகிதம் ஒட்டி மறைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தார்கள். அந்த வெயிலுக்கு அது ஒரு பீடி குடிப்பதற்குள் காய்ந்துவிடும். எல்லா இடமும் காய்ந்தது. இடதுபக்கம் சிப்பி ஒட்டாத அந்த இடம் மட்டும் மறுநாளும் விரலில் ஒட்டியது. முதலியார்பேட்டையில் வாங்கின தின்னர் சரியில்லை என்று கோபிநாத் திட்டினான். பக்கத்து இடத்துக்கும் அதே தின்னர்தான். அந்தத் தகட்டில் கை வைத்தால் வெயிலிலும் பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்தது.

நாள்தோறும் உச்சி நேரத்தில் தட்டல் வந்தது. யாரும் இங்கிருந்து தட்டாமலே வந்தது. கூலிக்கு வந்த ஆட்கள் அந்த நேரமாகப் பார்த்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ரஃபாயேல் தன் போட்டிலிருந்து ஒரு ஜெபமாலையைக் கொண்டுவந்து கொடுத்தார். சிலம்பரசன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்கிற நிலைமைக்கு வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடித்ததும் சரிதா தாம்பாளத்தில் பூ, மஞ்சள், கற்பூரம், புதுப் பிரஷ் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். ஆயம்மா வழக்கப்படி கிட்டே வரவில்லை. ரஃபாயேலின் போட்டுக்கு அந்தப் பக்கம், சுருட்டிப்போட்ட வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் ஆட்களின் கால் மட்டும்தான் தெரியும். கிரைண்டரையெல்லாம் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். துறைமுகமே மூச்சுவிடாமல் நின்ற மாதிரி இருந்தது.

அஞ்சலாட்சி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்து, கல்யாணத்துச் சேலையைக் கட்டியிருந்தாள். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், குனிந்து, சந்துக்குள் புகுந்து மல்லாந்து படுத்தாள். காதைத் தகட்டில் வைத்தாள்.

சிலம்பரசன் சுத்தியலை எடுத்தான். இரண்டு தட்டினான்.

ஒன்றும் இல்லை. கோபிநாத் எச்சில் விழுங்குவது கேட்டது. இன்னும் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று சிலம்பரசன் மூச்சை விட்ட நேரம் பார்த்து வந்தது. டக். டக். டக். இத்தனை நாளில் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கிட்டத்தில் கேட்டதே இல்லை. தாம்பாளத்தில் இருந்த கற்பூரக் கட்டி அதிர்ந்து உருண்டது. சரிதா "அம்மா தாயே" என்று பின்வாங்கினாள். கோபிநாத் ஓடியே போய்விட்டான்.

அஞ்சலாட்சி அசையவில்லை. கண்ணை மூடியிருந்தாள். கன்னம் தகட்டோடு ஒட்டியிருந்தது. வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தவனின் மார்பில் சாய்ந்த பெண்பிள்ளை அப்படித்தான் இருப்பாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே மாமா," என்றாள்.

"அஞ்சலாட்சி..."

"கேக்கல."

வெளியே வந்தாள். சரிதாவின் தாம்பாளத்திலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அணியத்தை நோக்கி நடந்தாள். சரிதா தடுக்கவில்லை. சிலம்பரசனும் தடுக்கவில்லை. ஏன் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். அந்த நேரத்தில் அவனால் முடிந்தது பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போவதுதான்.

"சிலம்பு!" ஆயம்மாவின் குரல் போட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "என்னாடா? தட்னானா?"

அஞ்சலாட்சி பிரஷ்ஷைத் தோய்த்து, அணியத்தில் வைத்துப் பின்னோக்கி இழுத்தாள். பளிச்சென்ற சிவப்புக் கோடு. குனிந்து, முட்டி போட்டு, பிறகு தவழ்ந்து ஏராவை ஒட்டியே நகர்ந்தாள். அவள் நகர நகர உள்ளேயும் எதுவோ நகர்ந்தது. பிரஷ் போகிற இடத்துக்கு நேர் உள்ளே டக், டக், டக். அவள் நின்றால் அதுவும் நின்றது. நகர்ந்தால் கூடவே வந்தது. விளையாட்டுப் பிள்ளை கதவுக்கு அந்தப் பக்கம் கூடவே ஓடிவருவதுபோல வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கோடு மட்டும் கோணவில்லை.

பின்பக்கம் வந்தபோது தட்டல் மூன்று மூன்றாக இல்லை. விடாமல் அடித்தது. இடைவெளியில்லாமல், பரபரவென்று, கதவைத் திற என்கிற மாதிரி அடித்தது. ரஃபாயேலின் போட்டுவரைக்கும் கேட்டுவிடுமோ என்று சிலம்பரசன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அஞ்சலாட்சி மல்லாந்து படுத்தாள். பெயிண்ட் அவள் நெற்றியிலும் மூக்கிலும் சொட்டியது. இடது கையைத் தகட்டில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். உதட்டை இரும்போடு ஒட்டவைத்து அவள் சொன்னது சிலம்பரசனுக்கு மட்டும்தான் கேட்டது.

"யோவ்... தட்டாதய்யா. உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன், தட்டாத. கேட்டுச்சுன்னா என் தாலிய அறுத்துடுவாங்க. நீ உள்ளவே இரு. சத்தம் போடாத சும்மா இரு. நான் வந்து வந்து பாத்துக்கறேன்."

தட்டல் நின்றது.

அவள் கடைசி முழத்தையும் இழுத்து முடித்து, பிரஷ்ஷை மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். கழுத்துச் சரட்டில் ஒரு சொட்டுப் பெயிண்ட் விழுந்து வழிந்தது. சிலம்பரசன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு தகட்டில் உள்ளங்கையைப் பதித்தான்.

"சிலம்பு! நீ சொல்லுடா. தட்னானா இல்லியா?"

அவன் அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்று கத்தினான். "ஒண்ணும் கேக்கல."

பிறகு ஆயம்மா, சின்னப்பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப நான் இன்னும் அழக்கூடாதாடா?"

சிலம்பரசனின் கையின் கீழே இரும்பு குளிர்ந்து கிடந்தது. பெண்டாட்டி சொன்ன பேச்சைக் கேட்டு, உள்ளே அவன் சும்மா இருந்தான்.